வாசகர் கேள்வி: டிரம்பெட்டும் தளரும் உதடும்

கேள்வி: நாற்பது வயதுக்குப் பிறகு டிரம்பெட் கற்கத் தொடங்கினேன். வேலை முடிந்து வந்து பயிற்சி செய்தால், 20 நிமிடங்களிலேயே உதடு மரத்துப்போய், மேல் ஸ்வரங்கள் வெறும் காற்றாகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ஊதி முடித்ததும் கண்ணாடியைப் பாருங்கள். உதட்டில் ஊதுமுனையின் வட்டத் தடம் ஆழமாகப் பதிந்து நெடுநேரம் மறையாமல் இருந்தால், மூச்சு செய்ய வேண்டிய வேலையைக் கருவியைப் பிடித்திருக்கும் இடக்கை செய்கிறது என்று பொருள். மேல் ஸ்வரத்தை எட்டுவதற்காகக் கருவியை உதட்டோடு அழுத்த அழுத்த, அங்கே இரத்த ஓட்டம் குறைந்து, ஒலியைப் பிறப்பிக்கும் அதிர்வே தடைபடுகிறது. ஆகவே ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வெடுங்கள். கீழ் ஸ்தாயியில் நீண்ட ஸ்வரங்களை மெல்லிய ஒலியில் நிறுத்திப் பழகுங்கள். சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆயினும் இதைவிடப் பலன் தருவதை நான் கண்டதில்லை.

அண்டை வீட்டாருக்கு அஞ்சி எப்போதும் ஒலியைக் குறைக்கும் அடைப்பானான மியூட்டைக் கருவியின் வாயில் செருகியே ஊதுபவராயின் (பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை), அது காற்றுக்குத் தடையைக் கூட்டிச் சுருதியையும் சற்றே மாற்றும் என்பதால், விடுமுறைப் பகலிலாவது அதைக் கழற்றிவிட்டு ஊதுங்கள். வால்வுகளுக்கு எண்ணெய் இடவும் மறவாதீர்கள்.