எட்டு நண்பர்கள், மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே தங்கி டைவிங்: எப்படித் திட்டமிடுவது?

உங்களில் மூன்று பேருக்கு ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் மட்டும்தான் என்கிறீர்கள். படகு தேடும் முன் அதைச் சரிசெய்யுங்கள். அந்தச் சான்றிதழுக்கு 18 மீட்டர் ஆழம்தான் எல்லை. மாலத்தீவின் அருமையான டைவ்கள் பலவும் 'கண்டு' எனப்படும் பவளத்தீவு வாய்க்கால்களில், 25-30 மீட்டரில் இருக்கும். 30 மீட்டருக்குக் கீழே சட்டமே அனுமதிக்காது. அந்த வாய்க்கால்களின் வேகமான நீரோட்டத்தில், பாறையில் கொக்கியை மாட்டிக்கொண்டு கொடி போல ஆடிக்கொண்டிருப்பீர்கள். எதிரே சாம்பல் சுறாக்கள் அசையாமல் நிற்கும். அந்த நீரோட்டத்தில் புதியவர் பதறினால் கூட இருப்பவருக்கும் ஆபத்து. அதனால் மூவரும் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழை முடித்து, இன்னும் சில டைவ்கள் செய்துவிட்டு வரட்டும். 50 டைவ் அனுபவம் கேட்கும் படகுகளும் உண்டு.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். காற்று நிரப்பும் கம்ப்ரசரும் சிலிண்டர்களும் கூடவே வரும் தனித் தோணியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தங்கும் படகில் கம்ப்ரசர் சத்தமில்லாமல் நிம்மதியாகத் தூங்கலாம். முன்பணத்தை எல்லோரிடமும் வாங்கிய பிறகே பதிவு செய்யுங்கள். டைவிங் காப்பீடு எட்டுப் பேருக்கும் கட்டாயம்.

திரும்பும் விமானத்தை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீர்கள். கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் 24 விடுவேன்.