ஆடிக்காற்றை நம்பி காற்றாலை வாங்கலாமா?

கேள்வி: ஆடி மாதம் எங்கள் வீட்டு ஓடே பறக்கிறது. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சின்னக் காற்றாலையை மாடியில் வைத்தால் கரண்ட் பில் குறையுமா? – வாசகர், காரைக்குடி.

பதில்: ஓடு பறக்க ஒரு நொடிக் காற்று போதும், காற்றாலைக்கு மணிக்கணக்கில் வேண்டும். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும். நீங்கள் சொல்லும் விசிறி நொடிக்கு 8 மீட்டர் காற்றில் சுமார் 160 வாட் தரும். 4 மீட்டராகத் தணிந்தால் 20 வாட்தான், இரண்டு எல்.இ.டி. பல்பு எரியும். 3 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் சுற்றவே சுற்றாது.

மாடி இன்னும் மோசம். கைப்பிடிச் சுவரிலும் பக்கத்து வீட்டுத் தென்னையிலும் மோதிக் காற்று சுழன்றுதான் வரும். சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள எதையும்விட 10 மீட்டர் உயரத்தில் இறக்கை இருக்க வேண்டும். கம்பத்தின் அதிர்வு சுவரில் இறங்கும். பழைய சுண்ணாம்புச் சாந்துக் கட்டடமென்றால் விரிசல் விடும், அடுத்த மழைக்கு ஒழுகும். அந்தக் காசுக்கு சோலார் போடுங்கள்: 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி, நாளுக்குச் சராசரியாக 4 யூனிட்.

கேள்வி: பிறகு கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தலில் மட்டும் காற்றாலை எப்படி ஓடுகிறது? – வாசகி, தேவகோட்டை.

பதில்: ஆரல்வாய்மொழிக் கணவாய் புனல் மாதிரி காற்றைக் குவித்துத் தள்ளுகிறது. செட்டிநாட்டுச் சமவெளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்குள்ள காற்றாலைக்கு எரிபொருள் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கீழே விவசாயமும் நடக்கும். ஆனால் மே முதல் செப்டம்பர் வரைதான் கொண்டாட்டம். பிறகு உற்பத்தி சரிந்துவிடும். தேய்ந்த இறக்கை கண்ணாடி இழை, இரும்பு போல உருக்கி விற்கவும் முடியாது.