கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இஸ்லாமிய நிதி: முன்கூட்டியே அடைத்தால் கழிவு உண்டா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மலேசியாவில் இன்னும் கட்டி முடியாத வீட்டுக்கு, செய்துதரச் சொல்லி விலை பேசும் இஸ்திஸ்னா முறையில் இஸ்லாமிய வங்கியில் நிதி எடுத்திருக்கிறீர்கள். எடுத்தது 3 லட்சம் வெள்ளி (ரிங்கிட்). பத்திரத்தில் 'விற்பனை விலை' 9 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. நடுவில் கையில் பணம் வந்து மொத்தமாக அடைத்தால் கழிவு கிடைக்குமா, முழு விலையையும் கட்ட வேண்டுமா?

கழிவு கிடைக்கும். 2011 நவம்பர் முதல் இது வங்கியின் தயவில் இல்லை. விற்பனை அடிப்படையிலான நிதியை வாடிக்கையாளர் முன்கூட்டியே அடைத்தால் கழிவு கொடுத்தே ஆக வேண்டும் என்று மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதி போட்டிருக்கிறது. அந்தக் கழிவுக்குப் பெயர் இப்ரா. கிள்ளானில் ஒரு லாயர் ஆபீஸில் வீட்டு நிதிப் பத்திரங்கள் தயாரிக்கும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். எனக்கு அதிகம் வருகிற கேள்வியும் இதுதான்.

துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர், 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தார். பத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். விற்பனை விலை இருந்த பக்கத்தை மடித்து அடையாளம் வைத்து, அந்த எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டமும் போட்டிருந்தார். "என்னம்மா இது, என் பேரப்பிள்ளை காலத்துலயும் முடியாது போலிருக்கே" என்றார். அந்த எண் எப்படி வருகிறது என்று யாராவது ஒருமுறை சொல்லியிருந்தால் அத்தனை வருடம் அவர் பயந்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். லாப விகிதம் ஏறி இறங்கும் நிதியில், பத்திரத்தில் எழுதும் விலையை உச்ச விகிதத்தை வைத்துப் போடுவார்கள். விற்பனை என்றால் விலை முதலிலேயே தெரிய வேண்டும், பிறகு கூட்ட முடியாது. அதனால் விலையின் உச்ச வரம்பை உயரத்தில் வைத்துவிட்டு, நடப்பு விகிதம் குறைவாக இருக்கும்போது வித்தியாசத்தைக் கழிவாகக் கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். 3 லட்சம் வெள்ளி, 30 வருடம், உச்ச விகிதம் 10 சதவீதம் என்றால் விற்பனை விலை சுமார் 9,47,800 வெள்ளி. நீங்கள் கட்டுவது 4.5 சதவீதக் கணக்கில் மாதம் சுமார் 1,520 வெள்ளி. அந்த விகிதம் மாறாமல் இருந்தால் பத்து வருடத்தில் கட்டியிருப்பது ஏறக்குறைய 1,82,400. காகிதத்தில் பாக்கி 7,65,400. ஆனால் அன்றைக்கு நீங்கள் அடைக்க வேண்டியது 2,40,300 வெள்ளி அளவில்தான் இருக்கும். நடுவில் இருக்கும் ஐந்தேகால் லட்சமும் இப்ரா. அதாவது, வங்கி இன்னும் ஈட்டாத லாபம்.

இஸ்திஸ்னாவில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பொருள் இன்னும் இல்லை. செய்துதரச் சொல்லி விலை பேசுகிறோம். வீடு, கப்பல், தொழிற்சாலை இயந்திரம், எல்லாவற்றுக்கும் இதே முறைதான். வங்கி உங்களிடம் ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டு, வீட்டைக் கட்டும் மேம்பாட்டாளரிடம் தனியாக இன்னொன்று போடும். பணம் ஒரேயடியாகப் போகாது. அஸ்திவாரம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியத்தான் போகும். அப்படியானால் பாதிக் கட்டடத்தில் நிதியை அடைக்கும்போது, வங்கி உண்மையில் வெளியே விட்ட தொகைக்குத்தான் கணக்குப் போட வேண்டும். போகாத பணத்துக்கு லாபம் கேட்க இடமில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு வந்த கணக்குக் கடிதத்தில், மேம்பாட்டாளருக்கு இன்னும் போகாத கடைசிக் கட்டப் பணத்தைப் போய்விட்டதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பணம் விட்ட தேதிகளின் பட்டியலை வாங்கி வரி வரியாக ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. எழுதிக் கேட்டோம், திருத்தித் தந்தார்கள். அதனால் கடிதத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். பாக்கி விற்பனை விலை, இப்ரா, முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, கொடுக்கத்தான் போகிறார்கள் என்றால் ஏன் இத்தனை சுற்று? கடனை முன்கூட்டியே அடைத்தால் குறைக்கலாமா என்பது மார்க்க அறிஞர்களிடையே பழைய விவாதம். பனூ நளீர் என்ற யூதக் குலத்தார் மதீனாவை விட்டு வெளியேற்றப்பட்டபோது, மக்களிடமிருந்து அவர்களுக்கு வரவேண்டிய கடன்கள் தவணை ஆகாமல் இருந்தன. "குறைத்துக்கொண்டு உடனே பெற்றுக்கொள்ளுங்கள்" என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. நபித்தோழர் இப்னு அப்பாஸ் இதை அனுமதித்தார். பிற்கால அறிஞர்கள் இப்னு தைமிய்யாவும் இப்னுல் கய்யிமும் அந்தப் பக்கம். மத்ஹபுகள் எனப்படும் நான்கு சட்டப் பள்ளிகளின் பெரும்பான்மை எதிர்ப்பக்கம். தவணையைக் கூட்டினால் பணத்தைக் கூட்டுவது ரிபா, அதாவது வட்டி என்றால், தவணையைக் குறைத்துப் பணத்தைக் குறைப்பதும் காலத்துக்கு விலை வைப்பதுதானே என்பது அவர்கள் வாதம். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) அகாடமி நடுவழி சொன்னது: முன்கூட்டியே பேசி வைக்காமல், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் மட்டும் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும்போது குறைத்துக்கொள்ளலாம். அதே அமர்வில், இஸ்திஸ்னாவில் செய்துதருபவர் தாமதித்தால் அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம் என்றும் முடிவு செய்தார்கள். ஒன்று வேலையின் தாமதம், மற்றது கடனின் காலம். அந்தக் கோட்டை அவர்கள் கவனமாகப் போட்டிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தோனேசியாவிலும், முராபஹாவுக்கான (வாங்கிய விலையைச் சொல்லி, லாபம் சேர்த்து விற்கும் முறை) 2002 ஃபத்வாப்படி, ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுக்காத வரை கழிவு தரலாம்.

மலேசியாவின் ஷரியா ஆலோசனை மன்றம் 2002இல் வேறு வழியில் போனது. பொதுநலனை முன்வைத்து, இப்ரா வாக்குறுதியை ஒப்பந்தத்திலேயே எழுத அனுமதித்தது. வங்கியின் மனதை நம்பி மக்களை விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வழக்கு காட்டியது. இஸ்திஸ்னாவைப் போலவே விற்பனை அடிப்படையிலான, விலையைத் தவணையில் கட்டும் பிபிஏ முறையில் 25 வருட நிதி, விற்பனை விலை 9,92,363.40 வெள்ளி. வாடிக்கையாளர் 33,454.19 கட்டிவிட்டுத் தவறியதும், வங்கி மிச்சம் 9,58,909.21ஐயும் கேட்டது. ஓடாத காலத்துக்கு லாபம் கேட்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். ஆனால் 2009இல் வேறொரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது விற்பனை, கடனோடு ஒப்பிடக் கூடாது என்றது. இப்படி நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறிக்கொண்டிருந்ததைத்தான் 2011 விதி முடித்துவைத்தது. தவணை தவறி வங்கியே ஒப்பந்தத்தை முடித்தாலும் இப்ரா உண்டு என்று அதில் இருக்கிறது. வீட்டை இழந்து நிற்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

வளைகுடாவில் வேலை பார்த்து அங்கே நிதி எடுத்தவர்கள் மலேசியக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்கும் அயோஃபி அமைப்பைப் பின்பற்றும் வங்கியில், ஒப்பந்தத்தில் பேசி வைக்காத கழிவுதான் அடிப்படை. கையெழுத்துப் போடும் முன் வங்கியின் வழக்கம் என்ன என்று கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒன்று. வீடு முடியும் முன் நிதியை அடைத்தால், மேம்பாட்டாளருக்குப் போகவேண்டிய மிச்சக் கட்டங்கள் உங்கள் தலையில் வரும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் வங்கிக்கு எழுதுங்கள். பெரியவருக்கும் அதைத்தான் சொன்னேன். அவர் வீடு முடிந்திருந்ததால் ஒரே காசோலையில் அடைத்தார். பத்திரத்தைத் திரும்ப வாங்கிய அன்று, பேனா வட்டம் போட்ட அந்தப் பக்கத்தை என்னிடம் திறந்து காட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.