இரத்தத்தைக் குறையுங்கள், கரும்புக் கழனியை எழுதுங்கள்

கேள்வி: "எங்கள் ஊர் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை. அம்மாவைப் பெற்ற தாத்தா பீரங்கிப் படையில் இருந்தவர், 1965 பாகிஸ்தான் போரில் பஞ்சாபின் கேம்கரண் முனையில் நின்றவர். அவர் பட்டதைச் சிறுகதையாக எழுதினேன். 12 பக்கம். குண்டு, இரத்தம், ஓலம் எல்லாவற்றையும் விவரமாகத்தான் எழுதினேன். நண்பன் படித்துவிட்டு 'சண்டைப் படம் மாதிரி இருக்குடா' என்கிறான். அம்மா, 'இதுல எங்க நைனா எங்கடா இருக்காரு?' என்று கேட்டுவிட்டார். வர்ணனையை இன்னும் கூட்டணுமா, குறைக்கணுமா?"

பதில்: அம்மா சரியாகக் கேட்டிருக்கிறார். நீங்கள் அனுப்பிய கதையை இரண்டு தடவை படித்தேன். முதல் பக்கத்திலேயே 'இரத்த ஆறு ஓடியது, மரண ஓலம் விண்ணைப் பிளந்தது' என்று வருகிறது. இதைக் கலிங்கப் போருக்கும் எழுதலாம், குருக்ஷேத்திரத்துக்கும் எழுதலாம். உங்கள் தாத்தா கண்ணால் பார்த்தது என்று அதில் ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'ஊர் திரும்பிய பிறகு தாத்தா கரும்புக் கழனிக்குள் இறங்கியதே இல்லை.' அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உங்கள் கதை அதுதான். அதைத் தூக்கி முதல் பக்கத்தில் வையுங்கள்.

ஏன் கரும்பு என்று நீங்கள் சொல்லவே இல்லை. கேம்கரணை அடுத்த அசல் உத்தரில் 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த சண்டை கரும்புக் காட்டுக்குள் நடந்தது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பில் நம் டாங்கிகளும் ஜீப்பில் ஏற்றிய பீரங்கிகளும் மறைந்து நின்றன. வாய்க்காலை உடைத்துக் கழனிகளில் தண்ணீர் விட்டார்கள். பாகிஸ்தானின் 'பேட்டன்' ரக டாங்கிகள் சேற்றில் சிக்க, மறைவிலிருந்து அடித்தார்கள். 90க்கும் மேல் அங்கே வீழ்ந்தன என்பது இந்தியத் தரப்புக் கணக்கு.

புத்தகத்தில் இது பெரிய வெற்றி. மடை திருப்பி வளர்ந்த வேலூர்ப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பச்சைக் கரும்பு, பாய்ச்சின தண்ணீர், கணுக்கால் சேறு. எல்லாம் ஊரில் பார்த்ததுதான். ஆனால் இந்தக் கரும்புக்குள் ஆள் இருக்கிறான், எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாது.

போரில் பட்ட அதிர்ச்சி வரிசையான கதையாக மனசில் தங்குவது குறைவு. ஒரு வாசனை, ஒரு சத்தம், வயிற்றில் ஒரு பிசைவு என்று துண்டு துண்டாகத் தங்கிவிடும். அதைக் கிளறும் இடத்தைக் கண்டால் உடம்பு தானாக ஒதுங்கும். மனநல மருத்துவத்தின் முக்கியமான கையேட்டில் இதற்குத் தனிப்பெயர் வந்ததே 1980-இல்தான். தாத்தா திரும்பி வந்தபோது 'பட்டாளத்துக்காரர், அப்படித்தான்' என்று ஊர் விட்டிருக்கும். அதனால் வர்ணனை அந்தத் துண்டின் மேல் நிற்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இருந்ததை வைத்தே நான் எழுதிப் பார்த்தேன்:

'தை மாதம், கரும்பு வெட்டு. தாத்தா சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பில் நின்றார். உள்ளே கத்தி விழும் சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. காற்று வந்தது. சோகை சரசரத்தது. தாத்தா தூக்கைக் கீழே வைத்தார், வைத்த கையை எடுக்கவில்லை. "அவங்கள வெளிய வந்து சாப்பிடச் சொல்லு" என்றார்.'

இதில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. இரத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாத்தா மறக்காத காயம் ஒன்று இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். எந்த இடம், எவ்வளவு பெரிது, யார் துணி வைத்து அழுத்தினார்கள் என்று. 'கொடூரமான', 'கோரமான' இரண்டையும் அடித்துவிடுங்கள்.

நம் வேலூர்க் கோட்டையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று, சிப்பாய்க் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது, அரண்மனைக்குள் ஒளிந்த நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து, ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் உத்தரவுப்படி சுவரோரம் நிறுத்திப் பீரங்கியால் சிதறுகுண்டு அடித்தே கொன்றார்கள். உடனிருந்த ஜான் பிளாக்கிஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பல வருஷம் கழித்து அதை எழுதினார். சுவர், பீரங்கி, எண்ணிக்கை, அவ்வளவுதான் வர்ணனை. அப்புறம், அன்று அதைக் கலங்காமல் பார்த்ததையும், இப்போது அந்தச் செயலை ஏற்க முடியாமல், அன்றைய தன் மனநிலையே தனக்குப் பிடிபடாமல் இருப்பதையும் சொல்கிறார். அவர் கொன்றவர்கள் பக்கம் நின்றவர். ஆனாலும் கோட்டைக்குள் போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர் நினைவுக்கு வருகிறது.

சரி, தாத்தாவிடம் எப்படிக் கேட்பது? 'பயமா இருந்துச்சா?' என்று கேட்காதீர்கள். 'இல்லை' என்பார், பேச்சு முடிந்துவிடும். 'அன்னிக்கி காலைல என்ன சாப்பிட்டீங்க? பூட்ஸ் காய எத்தன நாளாச்சு?' என்று கேளுங்கள். அவர் சொல்லாத வாசனையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பேச்சு நின்றால் விட்டுவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். கேட்டபின் அவருக்குத் தூக்கம் கெட்டால், கதையை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

எழுதி முடித்ததும் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்புவதற்கு முன்னால், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாத்தாவுக்குப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்த வரி இருக்கணுமா வேண்டாமா என்பதை இரண்டு நாள் கழித்து அவரே சொல்லட்டும்.