கிணறு வெட்டக் கிடைத்த சேதுக் காசு

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில், கோயில் வீதிக் கடையொன்றில் 'சேது' என்று எழுத்துள்ள செப்புக் காசு ஒன்றை 12,000 ரூபாவுக்கு வாங்கினேன். யாழ்ப்பாண அரசர் காலத்தது, கிணறு வெட்டக் கிடைத்தது என்றார் விற்றவர். அடுத்த நாள் அதே கடையில் அதே மாதிரி நாலு காசைச் சித்தப்பா கண்டிருக்கிறார். கேட்டதற்கு, "மாதிரிக் காசெண்டாலும் வைச்சிருந்தா விலை ஏறும்" என்றாராம். ஏறுமா?
- வாசகி, முள்ளியவளை

பதில்: ஏறாது, தங்கச்சி. மாதிரிக் காசுக்குச் செம்பின் விலையும் செய்கூலியும்தான் பெறுமதி. பழங்காசு அருமையாகக் கிடைப்பதால்தான் சேகரிப்பவர்கள் அதற்குக் காசு கொடுக்கிறார்கள். அச்சு கையில் இருப்பவர் நாளைக்கே இன்னும் நூறு வார்க்கலாம்.

மாதிரிகளே சேகரிப்புப் பொருளானதும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரில் ஜொவான்னி தா கவினோ ரோமக் காசுகளைப் பார்த்துச் செய்தவை, பிறகு ஜேர்மனியில் கார்ல் பெக்கர் அச்சு வெட்டி அடித்தவை எல்லாவற்றையும் இன்றும் தேடி வாங்குகிறார்கள். அவற்றைச் செய்த கை எதுவென்று தெரியும், நூற்றாண்டுகளும் கடந்துவிட்டன. கோயில் வீதி வார்ப்புக்கு அந்தப் பின்னணி ஒன்றும் இல்லை.

உங்கள் காசையும் அந்த நாலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேதுக் காசில் ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே 'சேது'. கையால் சுத்தியல் கொண்டு அடித்ததால் ஒன்றில் நந்தியின் தலை விளிம்புக்கு வெளியே போயிருக்கும், இன்னொன்றில் எழுத்துப் பாதிதான் விழுந்திருக்கும். ஒன்றுபோல் ஒன்று இராது. ஐந்திலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் ஐந்தும் ஒரே வார்ப்பில் பிறந்தவை. விளிம்பைச் சுற்றி மெல்லிய பொருத்துக் கோடு, மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள், சுடுதண்ணீரில் கரையும் பச்சைக் களிம்பு எல்லாம் அதே கதையைத்தான் சொல்லும். ஆனால் தீர்மானிக்கும் முன் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஒருவேளை உண்மைக் காசாக இருந்தால், செம்புக்குடம் மினுக்குவதுபோல் மினுக்கியதும் அதன் மதிப்புப் போய்விடும்.

எனக்குக் கூடுதலாகக் கவலை தருவது அந்தக் கிணற்றுக் கதை. பழங்காசு என்ற நம்பிக்கை வரட்டும் என்றுதான் அதைச் சொல்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. நிலத்துக்குள் கிடக்கும் அப்படியான பொருள் அரசுக்கு உரியது. ஆகவே விற்றவர் சொன்னது பொய்யென்றால் நீங்கள் ஏமாந்தீர்கள். மெய்யென்றால் விற்க உரிமையில்லாத பொருளை வாங்கியிருக்கிறீர்கள். வன்னியில் ஸ்கானரோடு புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்டவர்களின் செய்திகளைப் படிக்கிறோமே, அந்த வழக்குகளும் இதே சட்டத்தின் கீழ்தான். "தோண்டியெடுத்தது" என்று ஒருவர் வாய் திறந்தாலே எழும்பி வந்துவிடுங்கள்.

இப்போதைக்கு ஐந்து காசையும் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள். சித்தப்பாவோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். பற்றுச்சீட்டு இல்லாதது பலவீனம்தான், என்றாலும் முறையிடத் தயங்க வேண்டாம்.

கேள்வி: இராமர், இலட்சுமணர், அனுமார் உள்ள 1818ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு வீட்டில் இருக்கிறது. அரிசியை இழுக்கும், இலட்சக்கணக்கில் போகும் என்று ஒருவர் முற்பணம் கேட்கிறார்.
- வாசகர், பரந்தன்

பதில்: ஐயா, ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கம்பெனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை. 1835இல் வந்த அதன் அரை அணாவில் ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் மாலைக்குள் பெறுமதி. தெய்வ உருவம் கிடையாது. உங்களிடம் இருப்பது பிற்காலத்தில் வழிபாட்டுக்கென்று செய்த வில்லை. அரிசி இழுப்பது காந்தமும் இரும்புத்தூளும் சேர்ந்த வித்தை. உங்கள் வீட்டு அரிசியை உங்கள் கையால் எடுத்து அவர் முன்னால் வையுங்கள், ஒரு மணியும் அசையாது. வில்லையைச் சாமியறையில் வைத்துக் கும்பிடுங்கள், அதற்குத்தான் செய்தது.