சுவரில் சுவிட்சு இல்லாத வீடு

அன்புள்ள ஐயா,

நான் கட்டடக்கலை மாணவன். ‘2050-இல் ஒரு விவேக வீடு’ என்ற தலைப்பில் கல்லூரியில் வடிவமைப்பு கேட்டிருக்கிறார்கள். என் பாட்டி வசிக்கும் வீட்டையே எடுத்துக்கொண்டேன். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறியபின், தொழிலாளர்களுக்குக் கொடுத்த வரிசை வீடான லயத்தைக் காலி செய்துவிட்டு, சுங்கை சிப்புட்டில் ஒரு மலிவுவிலை வீட்டில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். என் வடிவமைப்பில் சுவரில் சுவிட்சே கிடையாது. எல்லாம் குரலுக்கு இயங்கும். கதவு முகம் பார்த்துத் திறக்கும். குளிர்பதனப் பெட்டி தீர்ந்த சாமானைத் தானே வரவழைக்கும். அறைக்கு ஒரு கேமரா. பிள்ளைகள் எங்கிருந்தும் பாட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் தோட்டத்து வாழ்க்கையை எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். இதில் என்ன குறை?

ஒரு வாசகன், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

படங்களைப் பார்த்தேன். கூரையில் சூரியத் தகடு, பின்கட்டில் மழைநீர்த் தொட்டி, மேற்கு வெயிலுக்கு மறைப்பு எல்லாம் சரியாகவே இருக்கின்றன. சுவிட்சையும் கேமராவையும் பற்றித்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

உலகிலேயே இடிமின்னல் மிகுந்த நாடுகளில் நம் மலேசியாவும் ஒன்று. சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்து, பக்கத்தில் எங்காவது ஓர் இடி இறங்கினால் போதும். வாசலுக்கு மேலே இருக்கும் மின்பெட்டியில் மெயின் சுவிட்சு விழுந்துவிடும். தனியாக இருக்கும் பாட்டிகள் இதற்காக நாற்காலி போட்டு ஏறுவதில்லை. துடைப்பக் கட்டையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் நுனியால் அந்தக் கறுப்புப் பிடியை மேலே தள்ளுவார்கள். ஒரே தள்ளு. விளக்கு வந்துவிடும்.

உங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. இணையக் கருவி உயிர் பெற்று, வெளித் தொடர்பைப் பிடிக்க வேண்டும். பேச்சை எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பிப் புரிந்துகொள்ளும் கருவியாக இருந்தால், தொடர்பு வரும்வரை அதற்குக் காது கேட்காது. இன்னொன்று: விவேக விளக்குகளில் பல, மின்சாரம் போய்த் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் தானாக எரியும். இரவு மூன்று மணிக்கு மின்சாரம் போய்வந்தால் பாட்டியின் படுக்கையறை கல்யாண மண்டபமாகிவிடும். அணைக்கச் சுவரில் சுவிட்சும் இல்லை.

வருங்கால வீடுகளை வரைந்தவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டில் சமைத்ததில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். 1969-இல் ஹனிவெல் நிறுவனத்தின் சமையலறைக் கணினி ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விலை 10,600 டாலர். சமையல் குறிப்பை அதனிடம் கேட்க வேண்டுமானால் விசைகளைத் தட்டி, விளக்குகள் மினுக்குவதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரப் பயிற்சி. ரசம் கொதித்து வற்றி அடிப்பிடித்திருக்கும். யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை.

அதில் சிரிக்க முடிகிறது. அடுத்து நடந்தவற்றில் சிரிக்க ஒன்றுமில்லை. ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தை 2014-இல் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் அந்தச் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் இருந்த பெட்டி அன்றோடு செத்தது. 2022 ஏப்ரலில், விவேக வீட்டுக் கருவிகளை விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் கணினிகள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. அதை நம்பியிருந்த வீடுகளில் கைப்பேசிச் செயலி வேலை செய்யவில்லை, நேரம் குறித்து வைத்த கட்டளைகள் போயின.

உங்கள் பாட்டிக்கு இது புதிதில்லை. லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை இருக்கும்வரைதான் அதில் இருக்க முடியும். எத்தனை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், எத்தனை மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்துவார்கள் என்பதெல்லாம் ஆபீசில் முடிவானது. தோட்டத்தை விற்றார்கள், வீடும் போயிற்று. உங்கள் ஊர்க்காரர், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட அந்தக் காலத்தில், தொழிலாளியும் பங்கு போட்டுத் தோட்டத்துக்கு உடைமையாளராகட்டும் என்றுதான். இப்போது பாட்டியின் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. அதன் விளக்கையும் கதவையும் மறுபடி ஏதோ ஓர் ஆபீசின் கையில் கொடுக்கிறீர்கள்.

வழி இல்லாமல் இல்லை. 2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ என்ற பொதுத் தரத்தின்படி செய்த கருவிகள், எந்த நிறுவனத்துடையவையாக இருந்தாலும், இணையத்துக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அதையே அடிப்படையாக வையுங்கள். குரலும் இருக்கட்டும், சுவிட்சும் இருக்கட்டும். கதவுக்குச் சாவி கட்டாயம் வேண்டும்.

கேமராவுக்கு வருகிறேன். வாசலில் ஒன்று வையுங்கள், உள்ளே வேண்டாம். பாட்டி காலமெல்லாம் பிறர் பார்வையில் வேலை செய்தவர். பட்டையில் காயம் பட்டிருக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கும் கங்காணி மரம் மரமாகப் பார்த்தார். பாலை நிறுக்கும்போது கணக்கெழுதும் கிராணி பார்த்தார். இனி குசினியில் அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மீன் ஆய்வதைச் சிங்கப்பூரிலிருந்து மகன் பார்க்க வேண்டுமா? பிள்ளைகளின் பயம் நியாயமானதுதான். குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்பார்கள். அதற்கு ரேடார் உணரி இருக்கிறது. அது படம் பிடிக்காது. ஆள் நிற்கிறாரா, தரையில் கிடக்கிறாரா என்பதை அலையை வைத்தே கண்டுகொள்ளும். சில நேரம் தவறாகவும் கத்தும். அதனால் முதலில் வீட்டுக்குள் மணி அடிக்கட்டும். பாட்டி ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். நிறுத்தாவிட்டால் பக்கத்து வீட்டில் அடிக்கட்டும். அதே நேரத்தில் பிள்ளைகளுக்கும் செய்தி போகட்டும். கோலாலம்பூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் காரோட்டி வருகிறவரைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிடுவார். உங்கள் படத்தில் அந்தப் பக்கத்து வீடே இல்லை. சுவர் வெறும் கோடாக முடிந்துவிடுகிறது.

குளிர்பதனப் பெட்டி சாமான் வரவழைப்பதை எடுத்துவிடுங்கள். காலையில் பசாருக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவதைப் பாட்டி விட்டுக்கொடுக்கமாட்டார். மின்பெட்டியைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்குங்கள்.

இத்தனையும் செய்தால், இதில் 2050 எங்கே இருக்கிறது என்று உங்கள் விரிவுரையாளர் கேட்கலாம். கூடுதலாக, வீட்டைக் குறுக்கே வெட்டி உள்ளே காட்டும் ஒரு வெட்டுப்படம் போடுங்கள்: இரவு மூன்று மணி, இடி, இணையம் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் எவையெல்லாம் இயங்குகின்றனவோ அவற்றுக்கு மட்டும் நிறம் தீட்டுங்கள். வகுப்பில் மற்றவர்களின் வீடுகளையும் அதே இரவில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்.