மாத்திரைக்குப் போகாமல் மட்டம் போடுகிறான்

கேள்வி: பல்லடம் பக்கம் இருக்கிறோம். 24 வயது மகன், பனியன் கம்பெனி வேலை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகிவிட்டான். நான்கு மாதமாக போதை சிகிச்சை மையத்தில் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை தருகிறார்கள். இப்போது மையத்துக்கு நாலு நாள் போனால் இரண்டு நாள் மட்டம். 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை, நிறுத்திவிடுங்கள்' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாங்க அம்மா. தம்பி ஏன் போகவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவருக்குத் தருவது புப்ரிநார்பினாக இருக்கும். அந்த வலி மாத்திரை மூளையில் எங்கே போய் வேலை செய்ததோ, அங்கேதான் இதுவும் செய்கிறது. ஆனால் ஓரளவுக்கு மேல் போதை ஏறாது, ஒரு நாள் முழுக்கத் தாங்கும். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொந்தக்காரர்கள் கேட்டால், 'ஷிஃப்டுக்கு ஒழுங்காகப் போகிறான்' என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

விடியற்காலையில் அவரைக் கொஞ்சம் கவனியுங்கள். கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், புல்லரிப்பு, கால் குடைச்சல் இருக்கிறதா? சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுக்கிற வீடுகள் உண்டு. அது பெரும்பாலும் மருந்தின் அளவு பற்றாததால் வருவது. பலருக்கு நாளைக்கு 8 முதல் 16 மில்லிகிராம் வரை தேவைப்படும். அதற்கும் குறைவாகவே ஓட்டினால் உடம்பு பழையதைத் தேடத்தான் செய்யும், அப்புறம் மையத்துக்குப் போய் என்ன பயன் என்று தோன்றிவிடும். அளவைக் கூட்டுவது டாக்டர் வேலை. வீட்டில் கூட்ட வேண்டாம். இன்னொன்று, மாத்திரை நாக்குக்கடியில் முழுசாகக் கரைய ஐந்து, பத்து நிமிஷம் ஆகும். ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று டீயோடு விழுங்கினால் பெரும்பகுதி வீண்.

நேரமும் ஒரு காரணம். காலை ஷிஃப்டில் இருப்பவர் தினமும் வரிசையில் நிற்க முடியாது, தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் வேறு. ஒழுங்காக வருபவர்களுக்குச் சில மையங்களில் சில நாள் மாத்திரையை வீட்டுக்கே தருகிறார்கள். நீங்கள் பூட்டி வைத்துக் கொடுப்பதாகச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும் சாயங்காலம்தான் எனக்குப் பயம். அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். இந்த மாத்திரையோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும்.

நடுவில் ஒரு தடவை ஊசி போட்டுவிட்டார் என்று தெரிந்தாலும் சத்தம் போடாமல் மையத்துக்கே கூட்டிப்போங்கள். திட்டினால் மறைப்பார், மறைத்தால் மையத்துக்கு வரமாட்டார். நாலைந்து நாள் விட்டுப்போயிருந்தால் பழைய அளவை அப்படியே தொடங்கக் கூடாது. டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். சிகிச்சையை விட்ட முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு ஆபத்தானவை. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், அவரோ ஊசியில் பழைய அளவையே ஏற்றுவார்.

இந்த மாத்திரை எத்தனை நாள் என்றால், குறைந்தது ஒரு வருஷமாவது. பலருக்கு அதற்கும் மேல். நிறுத்துவதென்றாலும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். ஊசி போட்டவர் என்பதால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் கேளுங்கள். ஹெபடைடிஸ் சி இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். அதற்குள் ஏதாவது சந்தேகம் என்றால் போதையிலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யலாம்.